செல்லூர்ப் பனி

ராத்திரி முழுக்கக் கொட்டியது.
நாலரைக்குப் பால் எடுக்கக் கிளம்பினால்
ரோட்டைக் காணோம்.
கண்மாய் மறுகால் பாய்ந்து
பந்தல்குடி வாய்க்காலில் நுரை பொங்கி
சுவரேறிக் குதித்து
ஆள் இடுப்பளவுக்கு, வெள்ளையாக,
தெருவிளக்கு வெளிச்சத்தில் மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

சோப்பும் சாயமும் ஊர்ச் சாக்கடையும் சேர்ந்து பெற்ற பிள்ளை.
அந்த நாற்றம் மட்டும் இல்லையென்றால்
பதினோரு வருசத்துக்கு முந்தி
நான் சம்பளம் வாங்கிய இடம்தான்.

அங்கே எனக்கு ஒரு மஞ்சள் வண்டி.
முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, பின்னால் ரப்பர் பட்டை,
சக்கரம் என்ற பேச்சே கிடையாது.
மண்ணெண்ணெய் கேனும் தபால் சாக்கும்
பின்னால் இழுவைப் பலகையில் கட்டி
ஒரு போஸ்டிலிருந்து அடுத்த போஸ்டுக்கு.

முதல் நாளே எந்த மதுரைக்காரனும் செய்வதைச் செய்தேன்:
பள்ளத்தைப் பார்த்ததும் பிரேக்.
நின்றது. நின்றதுமே புதைந்தது,
மாவுத் தூக்கில் விழுந்த கரண்டி போல.
நோர்பு சிரிக்கவில்லை. மண்வெட்டியை நீட்டினான்.
மூன்று மணி நேரம் தோண்டியதில்
அவன் பேசிய இந்தி இரண்டே வார்த்தை:
நிற்காதே. உட்காராதே.

எழுந்து நின்றுதான் ஓட்ட வேண்டும் புதுப்பனியில்.
ஹேண்டிலைத் திருப்பினால் வண்டி கேட்காது,
உடம்பைச் சாய்த்தால் கேட்கும்.
மேகம் மூடிவிட்டால் மேடும் பள்ளமும் ஒரே நிறம்.
முன்னால் ஒருவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு
கம்பால் குத்திக் குத்திப் போவான்.
கம்பு உள்ளே போய்க்கொண்டே இருந்தால்
அது பாதை இல்லை, வெடிப்பு.

"மிலிட்டரி, இருக்கீகளா?"
ரேணுகாதேவி. கையில் ஆஸ்பத்திரி ஃபைல்.
ஆறு மணி டயாலிசிஸ்.
தவறினால் அடுத்த இடம் நாளை மறுநாள்தான்.
ஆட்டோ ஜாபர் வர மாட்டேன் என்றுவிட்டான்:
"உள்ள டிச்சு தொறந்து கெடக்குண்ணே."

லோடு ஆட்டோவில் பால் டிரேயைக் கவிழ்த்து
அதன்மேல் அவளை உட்காரவைத்தேன்.
மச்சினன் கருத்தப்பாண்டி இடுப்பில் கொடிக்கயிறு,
கையில் பந்தல் கம்பு.
வண்டியை எடுத்ததும்
பழக்கதோசத்தில் எழுந்து நின்றேன்.
கூரை மண்டையில் அடித்தது.
பின்னாலிருந்து அவள் சிரித்த சத்தம்.
நாலு நாளாக வீங்கிய முகத்தில் அந்தச் சிரிப்பு
எப்படி இருந்ததென்று பார்க்க முடியவில்லை.

நான் படித்தது எதுவும் இங்கே செல்லவில்லை.
நுரைக்கு எடையே கிடையாது.
சாய்ந்தால் சாய்ந்தபடி நான்தான் கிடந்தேன்.
கம்பு 'டொக்' என்றால் தார்.
'சொத்' என்றால் நிறுத்து.
நாலு தடவை நிறுத்தினேன்.
புதையவில்லை.
நோர்பு, நின்றும் போகலாம் சில ஊரில்.

பாலம் ஏறித் திரும்பிப் பார்த்தேன்.
அங்கே முதல் வண்டி அழுத்திப் போன தடம்
ராத்திரிக் குளிரில் இறுகிவிடும்.
மறுநாள் அதுதான் ரோடு,
அதன்மேல் யார் வேண்டுமானாலும் போகலாம்.
இங்கே, நாங்கள் கிழித்து வந்த வழி
எங்கள் முதுகுக்குப் பின்னாலேயே மூடிக்கொண்டிருந்தது.
அந்தக் கரையில் ஸ்கூல் பையோடு இரண்டு பிள்ளைகள்,
தறிக்குப் போகிற ஒருத்தர், ஒரு நாய்.
"மாமா, நாங்க?"

கோரிப்பாளையத்தில் அவளை இறக்கிவிட்டு வந்து
கம்பை வாங்கிக்கொண்டு நானே இறங்கினேன்.
ஒவ்வொருத்தரையும் தனித்தனியாக.
நாயை இரண்டு தடவை,
பாதியில் திரும்பி ஓடிவிட்டது.

ஒன்பது மணிக்குத் தீயணைப்பு வண்டி வந்து
தண்ணீர் பீய்ச்சியது.
நுரை உட்கார்ந்தது.
டிச்சு திறந்தேதான் கிடந்தது.

பால் அன்றைக்குப் பத்து மணிக்குத்தான் போனது.
மூன்றாவது தெரு மீனலோசனி
மாசக் கணக்கில் அரை லிட்டர் கழித்துக்கொண்டாள்.